ஆம்பூரில் ஓர் இங்கிலீஷ் காருக்கு விலை சொன்னேன்

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் குடியிருக்கிறவனுக்கு இங்கிலாந்தில் செய்த சாமான் எல்லாவற்றையும் பற்றித் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஆம்பூரில் பிறந்தவனெல்லாம் பிரியாணி மாஸ்டரா? நானும் ஆம்பூரில் பிறந்தவன்தான். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது என்று என் மனைவி மல்லிகா இந்த ஊரில் இருக்கும் அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறாள்.

இந்த உண்மையை ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், போனில், என் மச்சானிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை பாடும்.

அன்றைக்கு வழக்கம்போல வேலை முடிந்து வந்திருந்தேன். எனக்கு இங்கே ஒரு கைப்பைக் கிடங்கில் வேலை. காலையிலிருந்து பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பிரித்து வைப்பேன். பிறகு முக்கால் மணி நேரம் பஸ். வீட்டுக்கு வந்து கோட்டு, ஸ்வெட்டர், உள் ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக உரித்துவிட்டு டீயைக் கையில் வாங்கும்போது இருட்டிவிடும். இங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டு. அதைப் பற்றி ஊரில் சொன்னால் நம்புவதில்லை, கதை விடுகிறான் என்கிறார்கள்.

மல்லிகாவின் போன் அடித்தது. அவளுடைய அண்ணன் குமரேசன், என் மச்சான். ஆம்பூரில் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருக்கிறார். மல்லிகா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவரு இருக்காரா?" என்றார் மச்சான்.

"பக்கத்துலதான் இருக்காருண்ணா."

"அவர கேளு. அன்வர் பாய் ஷெட்டுல ஒரு பழைய இங்கிலீஷ் கார் நிக்குது. வாங்கலாம்னு இருக்கேன். இன்னா வெல குடுக்கலாம்னு கேளு."

நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். என் காதில் விழுகிறது. அவருக்கும் தெரியும் எனக்குக் கேட்கிறது என்று. இருந்தாலும் மல்லிகா என் பக்கம் திரும்பி, வார்த்தை மாறாமல் முழுக்கத் திருப்பிச் சொன்னாள். எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. தோல் தரம் பார்த்துப் பிழைத்தவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் ஒரு வாக்கியம் வந்துவிட்டது. "நேர்ல பார்க்காத சரக்குக்கு விலை சொல்லக் கூடாதுன்னு சொல்லு."

மச்சான் சொன்னார், "நாயம்தான். வந்து பார்க்கச் சொல்லு. பாயும் அவரு சொல்ற வெலைக்கு ஒத்துக்கறேன்னு சொல்லிட்டாரு."

போனை வைத்துவிட்டு மல்லிகா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் எங்கண்ணன் முதல் தடவ உங்கள ஒரு விஷயம் கேட்டிருக்காரு. தயவுசெஞ்சி சொதப்பிடாதீங்க," என்றாள். இவளிடம் போய் எனக்குக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

2

மச்சான் என்னோடு நேராகப் பேசாததற்குக் காரணம் ஒரு கட்டு ஆட்டுத்தோல்.

நான் இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பு அன்வர் பாயின் தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சரக்கு விற்கிறவரும் வாங்குகிறவரும் தரத்தில் முட்டிக்கொண்டால், இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளும் ஒரு செலக்‌ஷன் ஆளைக் கூப்பிடுவார்கள். அவன் தோலைத் தடவி, மடித்து, முகர்ந்து, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் என்று சாக்பீஸால் போடுவான். போட்டது போட்டதுதான். அவனைப் பெற்ற அப்பனே வந்து நின்றாலும் அழிக்கக் கூடாது.

அப்போது மச்சான் சோளிங்கர், கலவைப் பக்கமெல்லாம் போய் ஆட்டுத்தோல் வாங்கி வந்து ஆம்பூரில் விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் பாயோடு தரத்தில் தகராறு. பாய் ரெண்டாம் நம்பர் என்கிறார், இவர் ஒண்ணாம் நம்பர் என்கிறார். நடுவில் யாரைக் கூப்பிடலாம் என்றபோது, பாய் சரக்கையே கழித்து அவருக்கே பேஜார் கொடுக்கிற ஆள் இவன் என்று மச்சானே என்னைக் கை காட்டினார். நான் கட்டைப் பிரித்தேன். உண்ணிக் கடி, முள் கீறல், கத்தி பட்ட ஓட்டை, எல்லாம் இருந்தது. பாய் கேட்டதற்கும் கீழே போய் மூணாம் நம்பர் என்று போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வயசுக் கொழுப்பு. ஒரு தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக மச்சானையே எட்டிப் பார்த்தேன். சுற்றி இருந்த இருபது பேரும் சிரித்தார்கள்.

ஆறு மாதம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். வேலூர்க் கோட்டைக் கோயிலில் வைத்துத்தான் பார்த்தோம். பெண் மஞ்சள் புடவையில் நன்றாக இருந்தாள். பெண்ணுக்குப் பக்கத்தில் அண்ணன் என்று நின்றவரைப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவர் தன் அப்பாவிடம், "தோல்லயே ஓட்ட கண்டுபுடிக்கறவன், பொண்ணுகிட்ட கண்டுபுடிக்க மாட்டானா?" என்று கேட்டாராம். மாமனார் அதைக் காதில் வாங்கவில்லை. மச்சான் கல்யாணத்துக்கு எல்லாம் செய்தார். பந்தல் போட்டார், பந்தி பரிமாறினார், மோதிரம் போட்டார். என்னிடம் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார்.

நான் செய்தது தப்பா? மூணாம் நம்பர் போட்டது தப்பில்லை, அதை இன்றைக்கும் சொல்வேன். எட்டிப் பார்த்தது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றால், பேச்சே இல்லாதவரிடம் எப்படிக் கேட்பது? மல்லிகாவை விட்டுத்தான் கேட்கச் சொல்ல வேண்டும். அவள் அதையும் வார்த்தை மாறாமல் சொல்லிவிடுவாள்.

3

இனி, என்னைக் கார் தெரிந்தவன் என்று ஊர் ஏன் நம்பியது என்று சொல்கிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய காரில் சாய்ந்தபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். கறுப்புக் கண்ணாடி வேறு. அது என் கார் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் போட்டோ மச்சானின் யூனிட்டில் தையல் மெஷின் மெஷினாகச் சுற்றியிருக்கிறது.

உண்மை நிலவரம் என்னவென்றால், எனக்கு லைசென்ஸே கிடையாது. நாலு தடவை டெஸ்ட் கொடுத்து நாலு தடவையும் பெயில். முதல் தடவை ரவுண்டானாவில் இடம் கிடைக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தேன். டெஸ்ட் எடுக்கும் அம்மா, இன்றைக்குள் கிளம்புவோமா என்று கேட்டாள். இரண்டாவது தடவை எல்லாத் திருப்பத்திலும் ஹாரன் அடித்தேன். வாணியம்பாடி ரோட்டில் அடிக்காமல் திரும்பினால் உயிர் தங்குமா? இங்கே ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமமாம். அது எனக்கு அப்போது தெரியாது. மூன்றாவதும் நாலாவதும் சொல்லும்படி இல்லை. இதில் ஆபீஸ்காரர்கள் கூத்து வேறு. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றிலிருந்து டெஸ்ட் தேதி என் அப்பா பெயரில் வருகிறது, பெயில் ஆனது மட்டும் என் பெயரில் வருகிறது. ஆறு கடிதம் போட்டாயிற்று. செத்துப்போன அப்பாவுக்கு நன்றி சொல்லிப் பதில் வந்தது.

வீட்டில் கார் பற்றி ஏதாவது தெரிந்தது எங்கள் மகள் நிலாவுக்குத்தான். பதினேழு வயது. ஆம்பூர் என்றால் அவளுக்குக் கொசு, பிரியாணி, கன்னத்தைக் கிள்ளும் சொந்தக்காரர்கள், அவ்வளவுதான். வர மாட்டேன் என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், கார் பார்க்கப் போகிறோம் என்றதும் வருகிறேன் என்றாள். போனில் படித்து ஒரு பக்கத்துக்கு எழுதியும் வைத்துவிட்டாள். அடித்தளத்தில் துரு இருக்கிறதா. காந்தம் ஒட்டுகிறதா, ஒட்டாவிட்டால் அங்கே உள்ளே தகரம் இல்லை, பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் சந்து ஒரே அளவாக இருக்கிறதா.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷம் செலக்‌ஷன் பார்த்தவனுக்குப் பட்டியல் எதற்கு? தோலோ காரோ, கை வைத்தால் தெரிந்துவிடும் என்று சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து காந்தம் ஒன்றைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சிவப்பு நிற இரட்டை மாடி பஸ் பொம்மை ஒட்டிய காந்தம்.

மல்லிகாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

4

நடுவராகப் போகிறவனுக்கு ஊரில் என்ன மரியாதை தெரியுமா? நாங்கள் போய் இறங்கிய மத்தியானமே மச்சான் வீட்டில் பிரியாணி. கத்திரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று மச்சான் மனைவி போட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பாய் வீட்டிலிருந்து இனிப்பாக ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா வந்தது. இரண்டு பக்கமும் என்னை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்று புரிந்தது. நீதி தவறக் கூடாது என்பதற்காக இரண்டையும் சரிசமமாகச் சாப்பிட்டேன்.

இங்கே ஒரு விஷயம். மல்லிகா இல்லாததால், மச்சானுக்கும் எனக்கும் நடுவில் பேச நிலாதான் இருந்தாள். ஆம்பூரில் பிறந்த இரண்டு தமிழர்களுக்கு நடுவில், அந்த இடத்திலேயே தமிழ் மட்டமாகத் தெரிந்த ஒருத்தி மொழிபெயர்ப்பாளர். மச்சான் "சட்னி இன்னும் வேணுமான்னு கேளு" என்பார். அவள் பக்கத்தில் இருக்கும் என்னிடம், "அப்பா, சட்னி இன்னும் வேணுமா, மாமா கேக்கறார்" என்பாள். இரண்டாம் நாள் அவளுக்கே அலுத்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் ஏன் நேரா பேசலை? சண்டையா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம். நாங்கள் சேர்ந்து பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

அவளுக்கு இங்கிலாந்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், வயதில் பெரியவர்களை மரியாதையாகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கார் எங்கள் எல்லோரையும்விட மூத்தது. ஆகவே அவள் காரையும் அவர், இவர் என்றுதான் சொன்னாள். அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

மச்சானுக்கு அந்தக் கார் எதற்கு என்று நிலாவை விட்டுக் கேட்டால், யூனிட் வாசலில் நிறுத்தினால் வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்றார். அது வெளியே சொல்லும் காரணம். தூங்கும்போது போனில் அந்தக் காரின் படத்தைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறார் என்று அவர் மனைவி சொன்னார். பாய் கேட்பது எட்டு லட்சம். மச்சான் ஆறுவரைக்கும் போகத் தயார். எல்லாம் என் வாயில் இருக்கிறது.

5

என்ன கம்பெனி கார் என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போவதற்கு அந்தக் கம்பெனி பொறுப்பில்லை. இத்தனை வருஷம் ஷெட்டில் நிறுத்தினால் நாமும் அப்படித்தான் ஆவோம்.

தொழிற்சாலையின் பின்பக்க ஷெட்டில் நின்றது. கறுப்பு நிறம், பெரிய உருண்டை விளக்குகள், புதிதாகத் துடைத்து எண்ணெய் தடவியிருந்தார்கள். பாய் வெள்ளைச் சட்டையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டார். "லண்டன் வண்டிய பார்க்க லண்டன்லருந்தே ஆள் வந்துட்டாரு," என்று ஷெட்டில் இருந்த பத்துப் பேருக்கும் சொன்னார். நான் இருக்கும் ஊர் லண்டனிலிருந்து மூன்று மணி நேரம். அதைச் சொல்ல நேரம் அமையவில்லை.

கதவைத் திறந்தேன். அங்கேதான் நான் தொலைந்தேன்.

சீட்டு பாருங்கள், சீட்டு! முழுக்க ஒரிஜினல் மாட்டுத்தோல். கருஞ்சிவப்பு. கையை வைத்ததும் எனக்குக் கார் மறந்துவிட்டது, மச்சான் மறந்துவிட்டார், பிரியாணிகூட மறந்துவிட்டது. உள்ளங்கையால் தடவினேன். ஓரத்தை மெல்ல மடித்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. மண்டி போட்டு மூக்கை வைத்து முகர்ந்தேன். மரப்பட்டையில் பதம் பண்ணிய வாசனை இன்னும் இருந்தது. முன் சீட்டில் மாட்டின் கழுத்துச் சுருக்கம் தெரிந்தது, வலது பக்கம் ஒரு முள்கம்பிக் கீறல், ஆறிப்போனது. இந்த மாடு வேலி போட்ட பண்ணையில் வளர்ந்தது என்று சொன்னேன். ஷெட்டில் ஒருத்தன் "யப்பா" என்றான். எனக்கு இன்னும் ஏறிவிட்டது. பின் சீட்டுக்குப் போனேன், சீட்டைத் தூக்கி அடியில் உள்பக்கம் பார்த்தேன், எத்தனை சதுரடி என்று சாணால் அளந்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

கடைசியில் எழுந்து நின்று, பழக்க தோஷத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஒண்ணாம் நம்பர்."

நான் சொன்னது சீட்டை. அவர்கள் எடுத்துக்கொண்டது காரை. பாய் கையைத் தூக்கி அல்லாவுக்கு நன்றி சொன்னார். மச்சான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பு நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகு, இல்லை, சீட்டைத்தான் சொன்னேன் என்று திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. கோழை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

6

"அப்பா, இன்னும் லிஸ்ட் இருக்கு," என்றாள் நிலா. பைக்குள்ளிருந்து சிவப்பு பஸ்ஸை எடுத்தாள்.

கூரையில் வைத்தாள், ஒட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். முன் கதவின் மேல்பாதியில் வைத்தாள், ஒட்டியது. கீழ்ப்பாதியில் வைத்தாள். பஸ் வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தாள், விழுந்தது. பின் கதவு, விழுந்தது. சக்கரத்துக்கு மேலே வளைவில், விழுந்தது. ஒவ்வொரு தடவையும் பாய் வீட்டுப் பூனை ஓடிவந்து பஸ்ஸை மோந்து பார்த்துவிட்டுப் போனது. நாலாவது தடவை பாய், "அந்த காந்தம் சைனா சரக்கும்மா," என்றார்.

நிலா கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு ஷெட் முழுக்கக் கேட்கும்படி, "மாமா, இவர் கீழ முழுக்க துரு பிடிச்சிருக்கார்," என்றாள். மச்சான் ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

நிலைமை கைமீறிப் போகிறது என்று தெரிந்தது. ஏதாவது நிபுணன் மாதிரி செய்து சமாளிக்க வேண்டும். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டேரிங்கைப் பிடித்தேன். பிரேக் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, வலது காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

கால் பெடலில் வழுக்கி நேராகக் கீழே போனது. ரப்பர் மிதியடியைத் தாண்டி, அதற்குக் கீழே தகரம் என்று ஒன்று இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, காற்றில் போய், ஷெட்டின் மண் தரையில் நின்றது. செருப்பு கழன்றுவிட்டது. முழங்கால்வரை மாட்டிக்கொண்டது. வெளியே இழுத்தால் தகரம் பிறாண்டுகிறது. கீழே யாரோ என் கால் விரலை நக்குகிறார்கள். பூனையாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மச்சான் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். என் வெறுங்கால் அவர் மூக்குக்கு நேராக இருந்தது. அப்போதும் அந்த மனுஷன், காரின் அந்தப் பக்கம் நின்ற நிலாவிடம்தான் சொன்னார். "உங்கப்பா கால் வெளிய வந்துடுச்சின்னு சொல்லும்மா."

"அப்பா, உங்க கால் வெளிய வந்துடுச்சாம்," என்றாள் நிலா.

"தெரியும்னு சொல்லு," என்றேன்.

இரண்டு பேர் தகரத்தை வளைத்துப் பிடிக்க, மச்சான் கீழே படுத்து என் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளினார். கால் வந்தது. செருப்பு வரவில்லை. யாரோ ஒருவர், சார் லண்டனில் வண்டி ஓட்டும் வேகத்தில் மிதித்துவிட்டார் என்று எனக்காகப் பரிந்து பேசினார். நிலாவுக்குப் பொய் வராது. "அப்பாக்கு லைசென்ஸே இல்லையே. நாலு தடவ பெயில். அப்பா பஸ்லதான் போவார்," என்றாள்.

ஷெட்டில் பத்துப் பேரும் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார்கள். மூணாம் நம்பர் தோலைத் தூக்கிப் பிடித்து எட்டிப் பார்த்தவனுக்கு இது நன்றாக வேண்டும் என்று மச்சான் நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நினைப்பேன்.

பாய் மெல்லக் கேட்டார். "சரி தம்பி. நீ சொல்ற வெலதான். இன்னா சொல்ற?"

7

இப்போது என் நிலையைப் பாருங்கள். ஒரு பக்கம் எனக்குச் சோறு போட்ட பாய், எட்டு லட்சம் எதிர்பார்க்கிறார். இன்னொரு பக்கம் மச்சான், இந்தக் காரைக் கனவில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கம்மியாகச் சொன்னால் பாய்க்குக் கேவலம். மட்டமான வண்டி என்று சொன்னால், இரண்டாம் தடவையாக மச்சான் ஆசைப்பட்ட பொருளை ஊர் நடுவில் வைத்துக் கழிக்கிறேன். இனி செத்தாலும் பேச மாட்டார். நடுவில் ஒரு நாலரை, ஐந்து என்று சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம், கை குலுக்கிவிட்டு பிளேன் ஏறிவிடலாம். மல்லிகா சொதப்பாதீர்கள் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. ஐந்து என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வரவில்லை. என்ன செய்வது, கை பழகிவிட்டது, வாய்க்குப் பொய் எண் வராது.

ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டு, கார் எனக்குத் தெரியாது, தோல்தான் தெரியும் என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். பிறகு நிலாவைக் கூப்பிட்டேன். அவளும் நானும் பாய் கொடுத்த ஆர்.சி. புத்தகத்தை வைத்து நம்பர்களைப் பார்த்தோம். எஞ்சின் நம்பர் பொருந்தியது, சேஸிஸ் நம்பரும் பொருந்தியது. கைப்பிடி போட்டுச் சுற்றினால் எஞ்சின் இறுகாமல் சுற்றியது. இதே கார் நல்ல நிலையில் இருந்தால் சென்னையில் பத்து லட்சம்வரை போகிறது என்று அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தோம். அடித்தகரம் முழுக்க மாற்ற வேண்டும், நாலு கதவின் கீழ்ப்பாதி, டிங்கரிங், பெயின்ட், வயரிங், டயர். ஏழரை போனது. மீதி இரண்டரை. உதிரி தேடி அலைய வேண்டிய பேஜாருக்கு ஒன்று.

"ஒண்ணர லட்சம்," என்றேன். "சீட்டு ஒண்ணாம் நம்பர். எஞ்சின் ரெண்டு. பாடி மூணுகூட இல்ல பாய், கழிவு. நான் மொதல்ல சொன்னது சீட்ட மட்டும். அப்பவே திருத்தியிருக்கணும். என் தப்பு."

பாய் எழுந்து போய்க் கதவின் கீழ்ப்பாதியைத் தட்டிப் பார்த்தார். என்னிடம் கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "என்கிட்ட இருந்தப்ப ஒரு தடவகூட எனக்கு ஜாஸ்தி போட்டதில்ல இவன். எத்தன பேஜாரு தெரியுமா?" என்று ஷெட்டில் இருந்தவர்களிடம் சொன்னார். அப்புறம் என் தோளில் கை வைத்து, மச்சானைக் காட்டினார். "இவர்கிட்ட நான் கேட்டேன், ஊர்ல மெக்கானிக்கா இல்ல, ஏன் அங்கருந்து கூப்பிடறீங்கன்னு. இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? என் சரக்கையே மூணு போட்டவன், எனக்காக கார ஒண்ணு போட மாட்டான்னு."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் காந்தத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால் வார்த்தை வரவில்லை. இருபது பேர் சிரிக்கும்படி எட்டிப் பார்த்தபோது மட்டும் துணிச்சல் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

மச்சான் நிலாவிடம் சொன்னார். "ஒண்ணரைக்கு எடுத்துக்கறேன்னு பாய்கிட்ட சொல்லு."

பாய் எதிரிலேயே நிற்கிறார். குழப்பத்தில் பாயிடமும் ஆள் வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். அடித்தகரமே இல்லாத வண்டியா, வேண்டாம் என்று சொல்லச் சொல்லி நிலாவை மச்சானிடம் இரண்டு தடவை அனுப்பினேன். "வெல சரியா இருந்தா போதும். வண்டி சரியா இருக்கணும்னு இன்னா கட்டாயம்?" என்று பதில் வந்தது. இந்தப் பதிலை மொழிபெயர்க்க முடியாமல் நிலா உட்கார்ந்து சிரித்தாள். போகட்டும் என்று பாய் டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தார். டீ வந்தது, குடித்தோம்.

யூனிட் அரை கிலோமீட்டர்தான், இப்போதே கொண்டுபோய் வாசலில் நிறுத்திவிடலாம் என்று மச்சானுக்கு அவசரம். ஷெட்டில் இருந்தவர்கள் காரைத் தெருவுக்குத் தள்ளிக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். பின் சீட்டில் நிலா ஏறிக்கொண்டாள். மச்சான் டிரைவர் சீட்டில், ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து ஜாக்கிரதையாக உட்கார்ந்தார். நான் சுற்றிக்கொண்டு போய் முன் கதவைத் திறந்து, ஒண்ணாம் நம்பர் சீட்டில் உட்காரப் போனேன்.

மச்சான் தலையைத் திருப்பினார். நிலா பக்கம் இல்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"நீ எங்க ஏறுற? பின்னால போய் தள்ளு மாப்ள," என்றார். "உனக்குதான் ஓட்டத் தெரியாதே."

போய்த் தள்ளினேன்.